பெரியவர் வாய் வைக்கட்டும்

எட்டு மாதமாகச் சீனிராஜால் சோறு விழுங்க முடியவில்லை. தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை. குழாய் விட்டுப் பார்த்தாயிற்று. பயம். அவ்வளவுதான். இன்றைக்குச் சங்கரன்கோவிலில், மகளைக் கேட்டு வந்தவர்கள் வீட்டில், பந்திப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் இலை. இலையில் சோறு.

சோறு ஆவி பறந்தது. அதன் தலையில் ஒரு குழி. குழியில் பருப்பு விழுந்தது, பருப்பின் மேல் நெய் விழுந்தது. பரிமாறுகிறவள் மாப்பிள்ளையின் தாய். ஒல்லி உடம்பு, எலும்பு பெரிசு, பேச்சுக் கிடையாது. கரண்டியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். எதிரும் புதிருமாக ஒன்பது இலை. வலது பக்கம் கோமதிநாயகம், செத்துப்போன மனைவியின் தம்பி, வாய் ஓயாதவன். நேர் எதிரே தங்கமாரி, மாப்பிள்ளையின் தகப்பன். அவர் கை இலையின் ஓரத்தில் சும்மா கிடந்தது. எல்லார் கையும் சும்மாதான் கிடந்தது. காத்திருக்கிறார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் சம்மதமில்லை. வாயால் ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை, இலை சொல்லிவிடும். அதிலும் பெண்ணைப் பெற்றவன் முதல் வாய் வைக்க வேண்டும். அதுவரை மற்றவன் வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை எவன் போட்டானோ, அவனுக்குத் தொண்டை ஒழுங்காக இருந்திருக்கும். "பெரியவர் வாய் வைக்கட்டும்" என்றார் தங்கமாரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சீனிராஜ் சோற்றுக்குள் விரலை விட்டார். சுட்டது. நல்லது. சுடுகிறது என்று கொஞ்ச நேரம் ஓட்டலாம்.

சூடு எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு நிமிஷம். ஒன்றரை. பிசைய ஒரு நிமிஷம். உப்புக் கேட்கலாம். "உப்பு" என்றார். மாப்பிள்ளைப் பையன் மணிவண்ணன் ஓடிப்போய் உப்புக் கிண்ணம் கொண்டுவந்து வைத்தான். நல்ல பையன், இவ்வளவு வேகம் ஆகாது. உப்பைத் தொட்டு இலையின் மூலையில் வைத்தார். காற்றாடி மேலே கடகடத்தது. "அத கொஞ்சம் குறைங்க, இலை பறக்கு" என்றார். குறைத்தார்கள். இலை பறக்கவே இல்லை. அது கோமதிநாயகத்துக்குத் தெரியும், பக்கவாட்டில் பார்த்தான். இவன் ஒருத்தன். காலையில் பஸ்ஸில் வரும்போதே ஆரம்பித்துவிட்டான். "அத்தான், உடம்பு ரொம்ப இறங்கிப்போச்சு, சட்டை தொங்குது, சுகர் பார்த்தீங்களா?" பார்த்தேன். "கொலஸ்ட்ரால்?" எல்லாம் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்துட்டு வா மாப்ள. இறங்கியது பதினான்கு கிலோ. தண்ணீராக வடித்த கஞ்சி, மோர், இளநீர், கோழிச்சாறு. எட்டு மாதமாக மனிதன் அதில்தான் ஓடுகிறான். அதுவும் சாற்றில் ஒரு நார் கிடந்தால் போச்சு, துணியில் வடிகட்டி மறுபடி வடிகட்டுவார். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு. மகள் ஜெயலதா வேலைக்குப் போன பிறகு. அவள் எடுத்து வைத்துவிட்டுப் போகிற சாப்பாடு பின்சந்து நாய்க்கு. அந்த நாய் கொழுத்துவிட்டது. இன்று காலை வாசல்வரை வந்து கேட்டாள், "அப்பா, அங்க சாப்பிட்டிருவீங்கல்ல?" சாப்பிடாம பின்ன, என்று எரிந்து விழுந்தார். ஏன் கேட்டாள்? யாராவது தகப்பனிடம் அப்படிக் கேட்பார்களா? நாயைப் பார்த்திருப்பாளோ? வடிதுணியைப் பார்த்திருப்பாளோ?

இட்டிலி. சொன்னால் சிரிப்பார்கள். எலும்பில்லை, முள்ளில்லை, கொட்டையில்லை. இட்டிலி. அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார், பேப்பர் பார்த்தபடி. ஒரு விள்ளல் உள்ளே போய் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். மூச்சு வரவில்லை, மூச்சு போகவில்லை, சத்தம் வரவில்லை. பேப்பரில் யாரோ மாலை போட்டுக்கொண்டு நின்ற படம். அது மெல்லக் கறுத்தது. முப்பத்திரண்டு வருஷம் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த உடம்பு, அதுவாக எழுந்தது, நாற்காலி முதுகின் மேல் வயிற்றை வைத்து விழுந்தது. ஒரு குத்து. இரண்டு. மூன்றாவதில் வெளியே வந்தது. வெள்ளையாக, சின்னதாக, சுண்டுவிரல் நகத்தளவு. அதைத் தரையில் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் கிடந்தார். பிறகு துடைத்தார். நாற்காலியை நேராக வைத்தார். யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. மறுநாள் இட்டிலி வேண்டாம் என்றார். அவ்வளவுதான் விஷயம், இட்டிலி வேண்டாம். அடுத்த வாரம் தோசை வேண்டாம். பிறகு சப்பாத்தி. பிறகு பழம். ஒவ்வொன்றாக விட்டபோது ஒவ்வொரு தடவையும் நிம்மதியாக இருந்தது, அதுதான் மோசம். விட விட அது கிட்டே வந்தது. வெளித்திண்டில் நின்றது நடைக்கு வந்தது, நடையில் நின்றது அடுப்படிக்கு வந்தது. கடைசியில் சோறு. டாக்டர் படத்தைக் காட்டினார், உள்ளே சிவப்பாக, பளபளவென்று, குகை மாதிரி. "ஒண்ணுமில்ல சார், பயந்திருக்கீங்க. மனநல டாக்டர் ஒருத்தர் இருக்கார், அவரைப் பாருங்க, கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குவார்." பயமா? எனக்கா? சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தார்.

பிசைந்தாயிற்று. ரொம்பவே பிசைந்தாயிற்று, கூழாகிவிட்டது. கோமதிநாயகம் எதிர் வரிசைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். "எங்க அத்தான் நாப்பத்தியொரு கெணத்துல இறங்கினவரு. மாடு விழுந்தா அத்தான், மனுசன் விழுந்தா அத்தான். பயம்னா என்னன்னு கேப்பாரு." எதிர்வரிசை பணிவாகத் தலையாட்டியது. சாப்பாடு ஆறுகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. மரியாதை. மரியாதை ஒரு நேரம்வரைதான் தாங்கும், பிறகு அதற்கு வேறு பெயர். நாற்பத்தியொரு கிணறு. உண்மைதான். கயிறு இடுப்பில், விளக்கு முன்னால். இறங்க இறங்க வட்டம் சின்னதாகும், மேலே வானம் தட்டளவு, பிறகு காசளவு. விளக்கு அணைந்தால் கெட்ட காற்று, உடனே கயிற்றை ஆட்ட வேண்டும். ஒரு கிணற்றில் தூர் வாரப் போனவன் உட்கார்ந்தபடியே இருந்தான். வாய் திறந்திருந்தது. ஏதோ கேட்கிற மாதிரி. அவனைத் தோளில் தூக்கிக் கட்டி மேலே அனுப்பியபோது பயமில்லை. சாயங்காலம் பரோட்டா தின்றார். நாலு. இப்போது அந்த வாய் ஞாபகம் வருகிறது. எங்கிருந்தோ வருகிறது. தொண்டை அந்தக் கிணறுதான், மேலே அகலம், கீழே போகப் போகச் சின்னது. சோறு கயிறில்லாமல் இறங்கும். பாதியில் விளக்கு அணைந்தால் யார் ஆட்டுவது? ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண் பிதுங்கி, முகம் கறுத்து, இலையின் மேலேயே விழுவேன். கோமதிநாயகம் அப்போதும் பேசிக்கொண்டிருப்பான். மாப்பிள்ளை வீட்டில் பெண்ணின் தகப்பன் செத்தான். ராசியில்லாத பெண் என்பார்கள். அந்தப் பேச்சு அவளை விடாது.

தங்கமாரி இருமினார். சும்மா இருமல் இல்லை அது. அவருடைய தம்பி ஒருத்தன், மீசைக்காரன், முழங்காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, "அண்ணாச்சிக்கு விரதம் இன்னும் முடியலியோ?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். விரதம். தானே வெட்டிய குழி. போன மாதம் இவர்கள் கோவில்பட்டிக்குப் பெண் பார்க்க வந்தபோது ஒரே மேசையில் பலகாரம் வைத்தார்கள், அப்போது வாயில் வந்தது விரதம் என்ற சொல். எத்தனை நாள் என்று கேட்டார்கள். நாற்பத்தெட்டு என்றார், அதுவும் வாயில் வந்ததுதான். இந்த மனிதர்கள் நம்பினார்கள். நாள் எண்ணி, விரதம் முடிந்த மறுநாளாகப் பார்த்து, இந்தச் சாப்பாட்டை வைத்திருக்கிறார்கள். அவருக்காக. சாப்பாடு முழுக்க அவருக்காக. அவரைக்காய்க் கூட்டு, உருளைக்கிழங்கு, அப்பளம், மூலையில் மஞ்சளாய்ப் பருப்புப் பாயசம். பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்தால்? முடியாது. பாயசம் குடித்துவிட்டு எழுந்த ஆள் ஒருத்தரை அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் முன்னால், தங்கை சந்திராவைக் கொடுப்பதாக இருந்த இடம். மாப்பிள்ளையின் பெரியப்பா, வெளுத்த மனிதர், சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார், பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு இலையை மூடினார். சீனிராஜ்தான் எழுந்து நின்று கத்தினார். எங்க சோறு உங்களுக்கு இறங்கலைன்னா எங்க பொண்ணும் வேண்டாம். அந்த மனிதர் கையைத் தூக்கினார், சொல்ல வந்த மாதிரி, பிறகு தொங்கவிட்டார். அந்தக் கை. அவருக்கு என்ன இருந்தது தொண்டையில்? யாரும் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை.

சரி. வாயைத் திற. போடு. விழுங்கு. ஒன்று, இரண்டு, மூன்று. கை எழவில்லை. விழுங்குவது எப்படி? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நாக்கு முதலில் பின்னால் போகுமா, மேலே போகுமா? மூச்சை எங்கே நிறுத்துவது? இத்தனை வருஷம் தன் பாட்டுக்கு நடந்தது, யோசித்ததும் நின்றுவிட்டது. எச்சில் விழுங்கிப் பார்த்தார். எச்சிலே கட்டியாக இருந்தது. நெற்றியில் வேர்வை. காற்றாடியைக் குறைக்கச் சொன்னது யார்? பிடித்துத் தள்ள வேண்டும், பயந்தவனைப் பிடித்துத் தள்ளினால்தான் சரியாகும். அப்படித்தான் அவர் எல்லாரையும் பழக்கினார். எட்வின் என்று புதிதாக வேலைக்கு வந்தவன், இருபத்தாறு வயது, பயிற்சிக்குப் புகை மூட்டிய அறை வாசலில் நின்று நடுங்கினான். "சார், அஞ்சு நிமிஷம் சார், கதவு திறந்திருக்கட்டும் சார்." கதவைத் திறந்து வைக்கவா சம்பளம் வாங்குறேன்? முதுகில் கை வைத்துத் தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே கதவை அடித்தான். நாலு நிமிஷம். வெளியே வந்தவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை, அதற்கு மறுநாளும். கோழை என்றார் சீனிராஜ். எல்லாரும் ஆமாம் என்றார்கள். இப்போது யாராவது இவர் முதுகில் கை வைத்துத் தள்ளினால் இவரும் கதவை அடிப்பார். ஒன்பது பேர் முன்னால் அடிப்பார். ஜெயலதாவுக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று இடம் தட்டிப்போயிற்று. ஒன்றுக்கும் அவள் ஒன்றும் சொன்னதில்லை. இந்தத் தடவைதான், ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள். "இந்த இடம் எனக்குப் பிடிச்சிருக்குப்பா." அவளாக எதையும் பிடித்திருக்கிறது என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. அந்த வார்த்தை இப்போது இந்த இலையில் கிடக்கிறது. ஆறிக்கொண்டிருக்கிறது.

விரல் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி அப்பளத்துக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டிருந்தது. குவியல் குறைந்தால் சாப்பிட்ட மாதிரி இருக்கும். யாரை ஏமாற்ற? வாயே வைக்காத இலை. நிழல் விழுந்தது. மாப்பிள்ளையின் தாய், கையில் ரசவாளி. ரசத்துக்கு நேரம் வரவில்லை, இன்னும் பருப்பே ஆரம்பிக்கவில்லை. அவள் பார்வை அப்பளத்தின் மேல் இருந்தது. ஒரு விரலால் அப்பளத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் சோறு. மறுபடி மூடினாள். குனிந்தபடியே, ரசம் ஊற்றுகிற பாவனையில், அவருக்கு மட்டும் கேட்கும்படி, "முழுங்கப் பயமா அண்ணாச்சி?" என்றாள். அவர் நிமிர்ந்தார். திட்ட வாயைத் திறந்தார். எட்டு மாதத்தில் இதை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை, கால்வலியா என்று கேட்கிற மாதிரி. "எங்க பால்வாடிப் பிள்ளையளும் இப்படித்தான் ஒளிச்சு வைக்கும். நெலக்கடலை ஒருவாட்டி அடைச்சிட்டா மூணு மாசம் வாயத் தொறக்காதுங்க." அவள் கண் வாளியிலேயே இருந்தது. சீனிராஜின் தலை அசைந்தது. ஆமாம் என்று. அவர் அசைக்கச் சொல்லவில்லை. அசைந்துவிட்டது.

அவள் நிமிர்ந்தாள். வாளியை வைத்தாள். சுவரோரம் சாய்த்திருந்த இலைக்கட்டிலிருந்து ஒன்றை உருவி, தங்கமாரிக்குப் பக்கத்தில், ஆண்கள் வரிசையில், விரித்து உட்கார்ந்தாள். கோமதிநாயகம்கூடப் பேச்சை நிறுத்தினான். "ஏளா, என்ன இது?" என்றார் தங்கமாரி, பல்லைக் கடித்துக்கொண்டு. "பொறுங்க" என்றாள். சோற்றுப் பாத்திரத்தை இழுத்து இலையில் கொஞ்சம் போட்டு, அள்ளி வாயில் வைத்தாள். பெரியவர் வைக்காத முதல் வாயை அவள் வைத்தாள். மீசைக்காரன் வாய் பிளந்தது. அவள் மென்றாள். மெல்ல, மாடு மாதிரி, அவசரமில்லாமல். முகத்தைச் சுளித்தாள். இரண்டு வரிசைக்கும் நடுவில் இருந்த உப்புக் கிண்ணத்தை இழுத்து, உப்பைத் தரையில் கொட்டி, அதில் துப்பினாள். எல்லாரும் பார்க்கத் துப்பினாள். "சோத்துல கல்லு கெடக்கு" என்றாள். "நாந்தான் சரியா அரிக்கல. பெரியவர் கைல தட்டுப்பட்டிருக்கு, சபைல சொல்லக் கூடாதுன்னு பேசாம இருக்காரு. எல்லாரும் நல்லா மென்னு தின்னுங்க. முழுங்கணும்னு ஒண்ணும் இல்ல. சந்தேகம்னா துப்பிருங்க. மணி, ஆளுக்கொரு கிண்ணம் கொண்டாந்து வையி."

தங்கமாரியின் முகம் கறுத்துவிட்டது. பெண் வீட்டுக்காரனுக்கு முதல் முதலாகப் போட்ட சோற்றில் கல். இது ஊர் முழுக்கப் போகும், இன்னும் பத்து வருஷம் எந்த விசேஷத்திலும் இவளைப் பார்த்து எவனாவது சொல்வான். மீசைக்காரன் இப்போதே ஆரம்பித்தான். "மதினிக்குக் கண்ணாடி மாத்தணும்." அவள் அவனைப் பார்க்கவில்லை. எதிரிலிருந்த கிண்ணம் சீனிராஜின் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. அதில் சோறு இருந்தது. மென்ற சோறு. கல் இல்லை. கல்லே இல்லை. கிண்ணங்கள் வந்தன. எவர்சில்வர் கிண்ணம் ஒன்று அவர் இலைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. திறந்த கதவு. துப்பலாம். விழுங்க வேண்டியதில்லை. கை எழுந்தது. அது எழுந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கையோ போல. சோறு வாய்க்குள் வந்தது. நெய் மணம். எட்டு மாதம் கழித்து நாக்கில் பருப்பு. நெஞ்சு அடித்தது, காதில் கேட்டது, கிணற்றுக்குள் கயிறு உரசுகிற சத்தம் மாதிரி. மென்றார். பத்து. இருபது. எதிரே அவளும் மென்றாள், அவர் தாடையைப் பார்த்து அதே வேகத்தில். முப்பதில் வந்தது அது, கறுப்பாக, விளிம்பில் இருந்து. துப்பினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் கல் தேடி மென்றுகொண்டிருந்தார்கள், ஒன்பது தாடை, ஒரு பேச்சில்லை. கோமதிநாயகம் ஒரு கிராம்பைத் துப்பிவிட்டு, "ஆங், கெடச்சிட்டு" என்றான்.

இரண்டாவது வாய். துப்பினார். இலையின் நரம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வாய். மென்றார். நாற்பது. சோறு சோறாக இல்லை, தண்ணீராகிவிட்டது, இனிப்பாகக்கூட இருந்தது. ஐம்பது என்று எண்ணப் போனார். அதற்குள் எதிரே அவள் தங்கமாரியிடம் எதற்கோ சண்டைக்குப் போனாள். "நீங்க வாங்கின அரிசிதான, உங்க கடைக்காரனத்தான் கேக்கணும்." தங்கமாரி, "ஆமா, கடைக்காரன் வந்து அரிப்பான்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் சீனிராஜ். பிறகு நாக்கைத் துழாவினார். வாயில் ஒன்றும் இல்லை. போய்விட்டிருந்தது. எப்போது போனது? அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறது. உடனே பயம் வந்தது, தாமதமாக, ஆள் இல்லாத வீட்டுக்குள் நுழைந்தவன் மாதிரி எல்லா அறையையும் தேடியது. கழுத்தைப் பிடித்தது. விடு, விடு, மூச்சைப் பார். மூச்சு வந்தது. போனது. வந்தது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஓடவில்லை. நாற்காலி முதுகு தேடவில்லை. பயம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, வேலை இல்லாத மாதிரி, கொஞ்சம் தளர்ந்தது. நாலாவது வாய் வைத்தார். துப்பினார். ஐந்தாவது உள்ளே போனது. மொத்தம் பதினொன்று வைத்தார், நாலு உள்ளே. பாயசத்தைக் குடித்து, இலையைத் தன் பக்கமாக மடித்தார். தங்கமாரி பெரிசாக மூச்சு விட்டார். "சம்பந்தி" என்றார், அதுவரை சொல்லாத வார்த்தையை.

கை கழுவப் பின்கட்டுக் குழாய்க்குப் போனார். வெயில் சுள்ளென்று அடித்தது. கூடத்தில் கோமதிநாயகத்தின் குரல் மறுபடி கிளம்பிவிட்டது, மண்டபம், தேதி, எத்தனை பேர். அவள் அங்கே குத்தவைத்துக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நாளைக்கு வீட்டுலயும் கிண்ணத்த வச்சுக்கிடுங்க" என்றாள். "மொதல்ல குழைஞ்ச சோறு. முழுங்கணும்னு உக்காராதீய, மெல்லணும்னு உக்காருங்க. யாரையாச்சும் பக்கத்துல பேசச் சொல்லுங்க. உங்க மகள்ட்ட சொல்லிருங்க, ஒளிக்க ஒளிக்கத்தான் அது வளரும்." சீனிராஜ் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவ ஒன்றும் இல்லை. "திரும்ப வருமா?" என்றார். "வரும்." "வந்தா?" "வரட்டும். கிண்ணம் இருக்குல்ல." அவருக்கு எரிச்சலாக இருந்தது. வராது என்று சொல்லியிருக்கலாம். எல்லா டாக்டரும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். இவள் வரும் என்கிறாள். "உங்க சோத்துல கல்லு இல்ல" என்றார், கரகரத்த குரலில். "சத்தமாச் சொல்லாதீய" என்றாள். அவர் துண்டில் கையைத் துடைத்தார். போகவில்லை. இந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து ஒருவர்கூட இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவர் கேட்கவில்லை. மணியோட அம்மா. மதினி. ஏளா. பெரிய மனிதன் ஒருத்தன் சம்பந்தி வீட்டுப் பெண்பிள்ளையிடம் கேட்கிற கேள்வி இல்லை இது. கேட்டார்.

"உங்க பேரு என்னம்மா?"

கடைசிக் கிண்ணத்தை உதறிக் கல்லின் மேல் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்.

"முப்பிடாதி."